ஸ்பகெட்டி அரக்கனும் ஆயிரம் ஸ்டீவ்களும்: கேலியால் பாடத்திட்டம் மாறியதா?

கேள்வி இது: அமெரிக்கப் பள்ளிகளின் அறிவியல் வகுப்பில் படைப்புவாதத்தை, அதாவது உயிர்களைக் கடவுளே நேராகப் படைத்தார் என்ற நம்பிக்கையை, சேர்ப்பது பற்றிக் காலங்காலமாக நடக்கும் சண்டையில், 'பறக்கும் ஸ்பகெட்டி அரக்கன்' மாதிரியான நையாண்டிகள் எதையாவது சாதித்தனவா, இல்லை பரிணாமத்தை ஏற்கெனவே ஏற்றுக்கொண்டவர்கள் தங்களுக்குள் சிரித்துக்கொண்டதோடு சரியா?

நேராகச் சொல்லிவிடுகிறேன். ஆட்களைப் பார்த்துச் சிரித்த கேலி எதையும் சாதிக்கவில்லை, பல நேரம் காரியத்தைக் கெடுத்தது. எதிராளியின் வாதத்தை "ஆமாங்க, நீங்க சொல்றது ரொம்ப சரி" என்று பயபக்தியோடு ஏற்றுக்கொண்டு, அவரே போக விரும்பாத இடம் வரைக்கும் அதைக் கூட்டிக்கொண்டு போன கேலி நன்றாகவே வேலை செய்தது. ஆனால் வழக்கில் ஜெயித்ததும் பாடத்திட்டத்தைத் திருப்பியதும் இந்த இரண்டாவது வகைகூட இல்லை. அது பழைய கைப்பிரதிகளை வரி வரியாக ஒப்பிட்டுப் பார்த்தவர்களும் உள்ளூர்த் தேர்தலில் ஓட்டுப் போட்டவர்களும் செய்த வேலை. கேலியையும் இந்த வேலையையும் பலர் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள்.

முதல் வகைக்கு உதாரணம் 1925. டென்னசி மாநிலத்தில் பட்லர் சட்டம் என்று ஒன்று: மனிதன் கீழ்நிலை விலங்கிலிருந்து வந்தவன் என்று அரசுப் பள்ளியில் சொல்லிக்கொடுத்தால் குற்றம். டேட்டன் என்ற சின்ன ஊரின் பெரிய மனிதர்கள், ஊருக்கு விளம்பரம் கிடைக்குமே என்று, ஜான் ஸ்கோப்ஸ் என்ற இளம் ஆசிரியரைச் சம்மதிக்க வைத்து வழக்கைத் தாங்களாகவே வரவழைத்துக்கொண்டார்கள். விளம்பரம் கேட்ட அளவுக்கு மேலேயே கிடைத்தது. கோட்டு சூட்டு போட்ட சிம்பன்சியை ஒருவர் ஊருக்குள் கொண்டுவந்து காட்டினார், சிகாகோ வானொலி விசாரணையை நேரடியாக ஒலிபரப்பியது, பால்டிமோரிலிருந்து பத்திரிகையாளர் எச். எல். மென்கன் வந்து இறங்கினார். அன்றைய அமெரிக்காவில் பேனாவால் ஆளை உரிப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அவர் உரித்தது சட்டத்தை மட்டும் அல்ல, ஊர்க்காரர்களையும்தான்: பட்டிக்காட்டான்கள், மூடர்கள் என்கிற தொனியிலேயே நாள்தோறும் எழுதினார். நகரத்து வாசகர்களுக்குக் கொண்டாட்டம். ஊர்க்காரர்களுக்கு ஆத்திரம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், மென்கன் கடைசிவரை இருக்கவே இல்லை என்பது. இனிமேல் இங்கே ஒன்றும் இல்லை என்று ஊரைவிட்டுக் கிளம்பிவிட்டார். அதற்குப் பிறகு, ஜூலை 20 அன்று, நீதிமன்றத்துக்கு வெளியே புல்வெளியில், பிரதிவாதி வழக்கறிஞர் கிளாரன்ஸ் டாரோ, அரசுத் தரப்பின் நட்சத்திரமான வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையனையே சாட்சியாக ஏற்றி, பைபிளைப் பற்றிக் கேள்விமேல் கேள்வி கேட்டுத் திணற அடித்தார். வழக்கின் உச்சக் காட்சியே அதுதான், பெரிய நையாண்டிக்காரர் அதைத் தவறவிட்டார்.

சரி, விளைவு என்ன? ஸ்கோப்ஸுக்கு 100 டாலர் அபராதம். அபராதத் தொகையை ஜூரி முடிவு செய்யாமல் நீதிபதி முடிவு செய்துவிட்டார் என்ற நுட்பக் காரணத்தால் 1927-இல் மேல்முறையீட்டில் தண்டனை ரத்தானது. சட்டம் அப்படியே இருந்தது, 1967 வரைக்கும். ஸ்கோப்ஸ் வழக்கில் அடிபட்ட உயிரியல் பாடப்புத்தகம் அடுத்த வருடம் புதுப் பதிப்பாக வந்தபோது, அதில் பரிணாமம் என்ற சொல்லையே காணோம். பதிப்பாளர்களுக்கு வியாபாரம் முக்கியம், வம்பு வேண்டாம் என்று ஒதுங்கினார்கள். 1957-இல் ரஷ்யா ஸ்புட்னிக்கை ஏவி, அறிவியலில் பின்தங்கிவிட்டோமோ என்று அமெரிக்காவுக்கு அடிவயிற்றில் கலக்கம் வந்த பிறகுதான் பரிணாமம் பாடப்புத்தகங்களுக்குள் தைரியமாகத் திரும்பி வந்தது. பத்திரிகையில் ஜெயித்தது ஒரு பக்கம், வகுப்பறையில் முப்பது வருடத்துக்கும் மேலாக ஜெயித்தது இன்னொரு பக்கம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கேலி என்பது பரிணாமக்காரர்களின் சொத்து ஒன்றும் அல்ல. டார்வின் உயிரோடு இருந்தபோதே, 1871-இல், அவர் தலையை ஒராங்குட்டான் உடம்பில் ஒட்டி லண்டன் பத்திரிகை ஒன்று கார்ட்டூன் போட்டது. நன்றாகத்தான் வரைந்திருக்கிறார்கள். டார்வின் சொன்னதில் ஒரு வரியையும் அது அசைக்கவில்லை.

இப்போது இரண்டாவது வகை. 2005-இல் கான்சஸ் மாநிலக் கல்வி வாரியம் அறிவியல் பாடத் தரநிலைகளை மாற்றப் பார்த்தது. படைப்புவாதம் என்ற பெயரில் எதையும் உள்ளே கொண்டுவர முடியாது, 1987-இல் எட்வர்ட்ஸ் எதிர் அகுய்லார்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தக் கதவை அடைத்துவிட்டது. அதனால் 'அறிவார்ந்த வடிவமைப்பு', அதாவது இன்டெலிஜென்ட் டிசைன், என்ற புதுப் பெயரில் வந்தார்கள். உயிர்கள் இவ்வளவு சிக்கலாக இருக்கின்றன, எனவே யாரோ ஒரு அறிவாளி வடிவமைத்திருக்க வேண்டும், அது யார் என்று நாங்கள் சொல்லவில்லை. இதுதான் வாதம். 'யார் என்று சொல்லவில்லை' என்பது சட்டத்திலிருந்து தப்பிக்க வைத்துக்கொண்ட வழி. அதே வாரியம் அறிவியலின் வரையறையிலும் கைவைத்தது: இயற்கையான விளக்கங்களைத் தேடுவது அறிவியல் என்று இருந்ததை, இயற்கை நிகழ்வுகளுக்குப் போதுமான விளக்கங்களைத் தேடுவது என்று நைசாக மாற்றியது. விளக்கம் இயற்கையானதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை காணாமல் போனதை வேகமாகப் படிப்பவர்கள் கவனிக்கவே மாட்டார்கள்.

பாபி ஹென்டர்சன் என்ற இளைஞர், ஒரேகான் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்தவர், அந்த வாரியத்துக்கு ஒரு திறந்த கடிதம் எழுதினார். கோபமான கடிதம் இல்லை, ஆதரவுக் கடிதம். மாணவர்கள் பல கோட்பாடுகளையும் கேட்க வேண்டும் என்ற உங்கள் கருத்து அருமை, ஆனால் வடிவமைப்பாளர்கள் பலர் இருக்கலாமே, உலகைப் படைத்தது பறக்கும் ஸ்பகெட்டி அரக்கன் என்று என்னைப் போல் பலர் உறுதியாக நம்புகிறோம், எனவே எங்களுக்கும் வகுப்பில் சமமான நேரம் வேண்டும், தராவிட்டால் வழக்குப் போட வேண்டியிருக்கும் என்று பவ்யமாக எழுதினார். கார்பன் கணிப்பில் பழம்பொருளுக்குப் பல்லாயிரம் வருட வயது காட்டுகிறதே என்றால், ஒவ்வொரு தடவையும் அரக்கன் தன் நூடுல்ஸ் கரத்தை நீட்டி அளவீட்டை மாற்றிவிடுகிறான். புவி வெப்பமாதலுக்குக் காரணம் கடற்கொள்ளையர் எண்ணிக்கை குறைந்ததுதான் என்று ஒரு வரைபடமும் உண்டு. அந்த வரைபடத்தை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை, கீழ் அச்சைப் பாருங்கள்: 35000-க்கு அடுத்து 45000, அப்புறம் 20000, கடைசியில் 400, 17. இடைவெளி மட்டும் எல்லாம் சமம். புள்ளிவிவரத்தைத் தப்பாக வரைவது எப்படி என்று வகுப்பெடுக்க இதைவிட நல்ல படம் கிடைக்காது. கடைசியில் மூன்று கோட்பாடுகளுக்கும் மூன்றில் ஒரு பங்கு நேரம் என்று பங்கு பிரிக்கிறார்: அறிவார்ந்த வடிவமைப்புக்கு ஒன்று, ஸ்பகெட்டிக்கு ஒன்று, ஏராளமான சான்றுகளின் மேல் கட்டிய தர்க்கரீதியான அனுமானத்துக்கு ஒன்று. பரிணாமம் என்ற பெயரைக்கூட அந்த மூன்றாவதற்கு வைக்கவில்லை.

நமக்கு இது புதிதே இல்லை. அதியமானுக்காகத் தூது போன ஔவை தொண்டைமானின் ஆயுதக் கொட்டிலைப் பார்த்து, உன் ஆயுதங்கள் எவ்வளவு பளபளப்பாக இருக்கின்றன என்று புகழ்ந்தாளே, அந்த ஜாதிதான். வஞ்சப்புகழ்ச்சியின் பலமே அது சண்டைக்கு வராததுதான். ஹென்டர்சனை மறுக்க வேண்டுமானால், "கண்ணால் பார்க்காத, சோதிக்க முடியாத ஒன்றை அறிவியல் வகுப்பில் சேர்க்க முடியாது" என்று வாரியம் சொல்ல வேண்டும். சொன்னால் அவர்கள் வாதமும் கூடவே விழுந்துவிடும். சொல்லாவிட்டால் ஸ்பகெட்டியை உள்ளே விட வேண்டும். இந்தக் கத்தரியில் ஒரு கடவுளையும் திட்ட வேண்டிய தேவை இருக்கவில்லை, 'யார் என்று சொல்லவில்லை' என்று அவர்களே காலியாக விட்ட இடத்தில் ஒரு பெயரை நிரப்பியதோடு வேலை முடிந்தது. வாதத்தில் உள்ள ஆளை மாற்றிவிட்டு வாதம் அப்படியே நிற்கிறதா என்று பார்ப்பது தர்க்கத்தில் பழைய சோதனை, ஹென்டர்சன் அதற்கு நூடுல்ஸ் கரம் வைத்தார், அவ்வளவுதான்.

ஒரு ஆபத்தும் உண்டு. அதே 2005 ஆகஸ்டில் தி ஆனியன் என்ற கேலிப் பத்திரிகை, புவியீர்ப்பு வெறும் கோட்பாடுதான், பொருள்கள் கீழே விழுவது ஓர் உயர்ந்த அறிவு தள்ளிவிடுவதால், இதன் பெயர் 'அறிவார்ந்த வீழ்ச்சி' என்று கான்சஸிலிருந்து வந்தது போல ஒரு செய்தி போட்டது. நிஜம் என்று நம்பி அதைப் பரப்பியவர்கள் இருந்தார்கள். அந்த மாதத்திலேயே, ஒரு கிறிஸ்தவ விவாத மன்றத்தில் படைப்புவாதம் பற்றிய சண்டை ஒன்றின் நடுவில், நேதன் போ என்பவர் எழுதியது பிறகு 'போவின் விதி' என்று பெயர் பெற்றது: சிரிப்புக்குறி எதுவும் போடாமல் ஒரு படைப்புவாதியைக் கேலி செய்து எழுதினால், அதை நிஜம் என்று எடுத்துக்கொள்ள யாராவது ஒருவர் இருந்தே தீருவார். இன்றைக்கு அரசியல் மீம் வரைக்கும் எல்லாவற்றுக்கும் இதைச் சொல்கிறார்கள், பிறந்த இடம் இந்தச் சண்டைதான்.

எனக்கு ஸ்பகெட்டியைவிட ஸ்டீவ் அதிகம் பிடிக்கும். அறிவார்ந்த வடிவமைப்பின் தலைமையகமான சியாட்டிலின் டிஸ்கவரி இன்ஸ்டிட்யூட், டார்வின் கோட்பாட்டைச் சந்தேகிக்கும் விஞ்ஞானிகள் என்று 2001-இல் சுமார் 100 பேரின் பட்டியலை வெளியிட்டது. பார்த்தீர்களா, விஞ்ஞானிகளுக்குள்ளேயே கருத்து வேறுபாடு என்று காட்டுவதற்காக. எதிர்ப்பக்கம் என்ன செய்திருக்கலாம்? ஆயிரக்கணக்கில் கையெழுத்து வாங்கி நீட்டியிருக்கலாம். அப்படிச் செய்தால் அறிவியல் உண்மை தலை எண்ணி முடிவாகிறது என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அறிவியல் கல்விக்கான தேசிய மையம் 2003 பிப்ரவரியில் வேறொன்று செய்தது: பரிணாமத்தை ஆதரித்துக் கையெழுத்து, ஆனால் ஸ்டீவ் என்று பெயருள்ள விஞ்ஞானிகள் மட்டும். ஸ்டீபன், ஸ்டெஃபனி, எஸ்டெபான் எல்லாம் சேர்த்தி. முந்தைய வருடம் இறந்துபோன பரிணாம உயிரியலாளர் ஸ்டீபன் ஜே கூல்டுக்கு மரியாதை. அமெரிக்காவில் அந்தப் பெயர்க்காரர்கள் சுமார் ஒரு சதவீதம்தான், அதிலேயே தொடக்கத்தில் 200-க்கு மேல். ஸ்டீவன் வைன்பெர்க், ஸ்டீவன் சூ என்று நோபல்காரர்கள், ஸ்டீபன் ஹாக்கிங்கும் பின்னால் சேர்ந்தார். 2009-இல் ஆயிரமாவது ஸ்டீவாக வந்தவர் துலேன் பல்கலைக்கழகத் தாவரவியலாளர், பெயர் ஸ்டீவன் டார்வின். நிஜப் பெயர்! (கான்சஸ் வாரியத்தின் அன்றைய தலைவர் பெயரும் ஸ்டீவ்தான், அவர் கால்நடை மருத்துவர். அவர் இந்தப் பட்டியலில் இல்லை.)

இந்தக் கேலி தன்னையும் சேர்த்துக் கேலி செய்கிறது, அதுதான் இதன் அழகு. பட்டியல் போட்டு அறிவியலைத் தீர்மானிப்பது முட்டாள்தனம், அதை நாங்களும் முட்டாள்தனமாகத்தான் செய்கிறோம், ஆனால் அந்த விளையாட்டிலும் உங்களால் ஜெயிக்க முடியாது. ஒரு திட்டு வார்த்தை கிடையாது, எந்த மதத்தைப் பற்றியும் பேச்சே கிடையாது. "டார்வினைச் சந்தேகிக்கும் நூறு விஞ்ஞானிகள்" என்று யார் ஆரம்பித்தாலும் "அதில் எத்தனை ஸ்டீவ்?" என்ற ஒரு கேள்வி போதும்.

இனி வழக்கு. பென்சில்வேனியாவில் டோவர் என்ற ஊர். 2004 அக்டோபரில் பள்ளி வாரியம் ஒரு தீர்மானம் போட்டது: ஒன்பதாம் வகுப்பு உயிரியல் பாடத்துக்கு முன்னால், டார்வின் கோட்பாட்டில் ஓட்டைகள் உண்டு, அறிவார்ந்த வடிவமைப்பு என்று ஒரு மாற்று விளக்கம் உண்டு, அதைப் பற்றிய புத்தகம் நூலகத்தில் இருக்கிறது என்று ஓர் அறிக்கையை வாசிக்க வேண்டும். உயிரியல் ஆசிரியர்கள் வாசிக்க மறுத்தார்கள், நிர்வாகிகள் வந்து வாசித்துவிட்டுப் போனார்கள். பெற்றோர் 11 பேர் வழக்குப் போட்டார்கள்.

அந்த நூலகப் புத்தகத்தின் பெயர் 'ஆஃப் பாண்டாஸ் அண்ட் பீப்பிள்'. வாதிகள் தரப்பு அதன் பழைய கைப்பிரதிகளைச் சம்மன் மூலம் வாங்கியது, தத்துவப் பேராசிரியர் பார்பரா ஃபாரெஸ்ட் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்த்தார். 1987 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கு முந்தைய வரைவில் 'படைப்பு' என்று இருந்த இடமெல்லாம் தீர்ப்புக்குப் பிந்தைய வரைவில் 'அறிவார்ந்த வடிவமைப்பு' என்று மாறியிருந்தது. வரையறை அதே, மீனுக்குத் துடுப்பும் செதிலும், பறவைக்குச் சிறகும் அலகும் முதலிலிருந்தே முழுசாக இருந்தன என்ற வாக்கியமும் அதே. அதைவிடப் பெரிய வேடிக்கை ஒன்று மாட்டியது. 'கிரியேஷனிஸ்ட்ஸ்' (படைப்புவாதிகள்) என்ற சொல்லை எடுத்துவிட்டு 'டிசைன் புரோபோனென்ட்ஸ்' (வடிவமைப்பை ஆதரிப்பவர்கள்) என்று ஒட்டியவர், ஓரிடத்தில் பழைய சொல்லின் முதல் எழுத்தையும் கடைசி எழுத்துகளையும் அழிக்காமல் விட்டுவிட்டார். அங்கே 'சிடிசைன் புரோபோனென்ட்சிஸ்ட்ஸ்' என்று ஓர் உயிரினம் நிற்கிறது, பாதி படைப்புவாதி, பாதி வடிவமைப்புவாதி. இடைநிலைப் புதைபடிவம் எங்கே, எங்கே என்று எத்தனையோ வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தவர்களின் சொந்தக் கைப்பிரதியிலேயே ஒன்று கிடைத்தது. இந்தச் சண்டையின் மிகச் சிறந்த நகைச்சுவை இதுதான் என்பேன், இதை எந்த நையாண்டிக்காரரும் எழுதவில்லை. பொறுமையாகத் தாள்களைப் புரட்டிய ஒருவர் கண்டெடுத்தார்.

குறுக்கு விசாரணையிலும் இப்படித்தான். வடிவமைப்புத் தரப்பின் முக்கிய சாட்சி உயிர்வேதியியலாளர் மைக்கேல் பேஹே. அறிவியலுக்கு நீங்கள் சொல்கிற விரிந்த வரையறையின்படி ஜோதிடமும் அறிவியலாகுமா என்று வழக்கறிஞர் கேட்டார். ஆகும் என்று அவரே ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. ஹென்டர்சன் கடிதத்தில் செய்த அதே காரியம், ஸ்பகெட்டிக்குப் பதில் ஜோதிடம், கடிதத்துக்குப் பதில் சத்தியப் பிரமாணம். கடைசி நாளில் பள்ளி வாரியத்தின் வழக்கறிஞர் எழுந்து, விசாரணை தொடங்கி இன்றோடு நாற்பதாவது நாள், இன்றிரவு நாற்பதாவது இரவு (பைபிளில் நோவாவின் பெருமழை பெய்த கணக்கு), இதை வேண்டுமென்றே செய்தீர்களா என்று நீதிபதி ஜான் ஜோன்ஸிடம் கேட்டார். சுவாரசியமான தற்செயல்தான், ஆனால் டிசைன் செய்து வந்தது அல்ல என்றார் நீதிபதி. கோர்ட்டே சிரித்தது. அவர் ரிபப்ளிகன் கட்சிக்காரர், ஜார்ஜ் புஷ் நியமித்தவர் என்பதையும் நினைவில் வையுங்கள். 2005 டிசம்பர் 20 அன்று 139 பக்கத் தீர்ப்பு வந்தது: அறிவார்ந்த வடிவமைப்பு அறிவியல் அல்ல, மதத்தோடு அதற்குள்ள தொப்புள்கொடியை அறுக்க முடியாது, அறிவியல் வகுப்பில் அதற்கு இடமில்லை. வழக்குச் செலவாக அந்தச் சின்னப் பள்ளி மாவட்டம் 10 லட்சம் டாலர் கட்ட வேண்டி வந்தது.

தீர்ப்புக்கு முன்பே, நவம்பர் 8 அன்று, டோவர் மக்கள் தேர்தலில் போட்டியிட்ட அந்த வாரிய உறுப்பினர்களைத் துடைத்துப்போட்டுவிட்டார்கள். அதே நாளில் கான்சஸ் வாரியம் 6-4 என்று தன் புதிய தரநிலைகளை நிறைவேற்றியது, ஸ்பகெட்டி அரக்கன் உலகப் புகழ் பெற்று மூன்று மாதம் ஆகியும். அங்கே அவை போனது 2006 தேர்தலில் வாரியத்தின் பெரும்பான்மை மாறிய பிறகு, 2007 பிப்ரவரியில், மறுபடி 6-4. இந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவில் அரக்கன் என்ன செய்தான் என்று கேட்டால், சமமான நேரம் என்ற வாதத்தைச் சபையில் சிரிக்காமல் சொல்வதைக் கஷ்டமாக்கினான் என்று வேண்டுமானால் சொல்லலாம். ஓட்டுப் போட்டது கான்சஸ்காரர்கள்.

அதன் பிறகு அரக்கனின் கதை கொஞ்சம் சலிப்புத் தட்டும். ஆஸ்திரியாவில் நிகோ ஆல்ம் என்பவர், ஸ்பகெட்டி மதத்துக்காரனின் தொப்பி இது என்று சொல்லி, 2011-இல் தலையில் ஸ்பகெட்டி வடிக்கும் வடிதட்டு வைத்த புகைப்படத்தோடு ஓட்டுநர் உரிமம் வாங்கினார், சிரித்தோம். பிறகு நாடு நாடாக வடிதட்டு வழக்குகள். 2018-இல் நெதர்லாந்தின் உயர் நிர்வாக நீதிமன்றம் இது மதமல்ல, இதில் ஒரு மதத்துக்கு வேண்டிய தீவிரம் இல்லை என்று சொன்னது, 2021-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் அதையே சொன்னது. அதற்கு முன்பே 2016-இல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் ஒரு நீதிமன்றம் இது பகடி என்று சொல்லியாயிற்று. பகடியைப் பகடி என்று கண்டுபிடிக்க மூன்று நீதிமன்றங்கள்! கடிதத்தில் ஒரு குறிப்பிட்ட வாதத்துக்கு எதிராக நின்றவரைக்கும் அந்த ஜோக்குக்கு எலும்பு இருந்தது. மதச் சலுகை எல்லாவற்றையும் பார்த்துச் சிரிக்கும் தொப்பியாக மாறியதும், சாதாரண விசுவாசி ஒருவர் அதைத் தன்மேல் எறிந்த கல்லாகத்தான் பார்ப்பார், அதில் தப்பில்லை.

கேலியைக் கேவலமாகச் செய்வது எப்படி என்பதற்கு எதிர்ப்பக்கத்து உதாரணமும் இருக்கிறது. டோவர் தீர்ப்பில் எரிச்சலான வில்லியம் டெம்ப்ஸ்கி, அறிவார்ந்த வடிவமைப்பின் பெரிய தலைகளில் ஒருவர், நீதிபதி ஜோன்ஸைப் பொம்மையாக்கி, தீர்ப்பின் வரிகளைக் கீச்சுக் குரலில் பேசவைத்து, நடுநடுவே குசு விடும் சத்தம் சேர்த்து ஓர் அசைபடம் இணையத்தில் வெளியிடுவதில் பங்கெடுத்தார். பிறகு அந்தச் சத்தத்தை மட்டும் எடுத்துவிட்டார்கள். கணிதத்திலும் தத்துவத்திலும் முனைவர் பட்டம் வாங்கியவர் அவர்.

கேள்வியின் இன்னொரு பாதி, இதெல்லாம் ஏற்கெனவே ஒப்புக்கொண்டவர்களுக்கு மட்டும்தானா என்பது. அதற்கு நான் கென்னத் மில்லரைத்தான் காட்டுவேன். பிரவுன் பல்கலைக்கழக உயிரியலாளர், டோவர் வழக்கில் பெற்றோர் தரப்பின் முதல் சாட்சி, கோவிலுக்குப் போகும் கத்தோலிக்கர். டோவர் வாரிய உறுப்பினர் ஒருவர் டார்வினிசம் நிறைந்து வழிகிறது என்று குறைசொன்ன பாடப்புத்தகத்தை எழுதியவர்களில் ஒருவரும் அவரே. பேஹேயின் புகழ்பெற்ற உதாரணம் எலிப்பொறி: பலகை, ஸ்பிரிங், அடிக்கும் கம்பி, கொக்கி, பிடிகம்பி, இந்த ஐந்தில் ஒன்றை எடுத்தாலும் பொறி வேலை செய்யாது, அதனால் படிப்படியாக உருவாகியிருக்க முடியாது, உயிரணுவின் இயந்திரங்களும் அப்படியே என்பார். மில்லர் ஒரு எலிப்பொறியிலிருந்து கொக்கியையும் பிடிகம்பியையும் கழற்றிவிட்டு, மிச்சத்தைத் தன் டையில் கிளிப்பாகக் குத்திக்கொண்டு கூட்டங்களுக்கு வருவார். எலி பிடிக்காது, டையைப் பிடிக்கும். பாதிப் பொறிக்கு வேறொரு வேலை இருக்க முடியும் என்பதற்கு அவர் அதற்கு மேல் விளக்கவும் வேண்டியதில்லை, தேவாலயத்திலிருந்து நேராக வந்து உட்கார்ந்திருப்பவர்களும் அந்த டையைப் பார்த்துச் சிரிப்பார்கள்.